ஆலை நிற்கும் நாளை யார் குறிப்பது?

பண்டார் தெங்காராவிலிருந்து எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் செம்பனை கூடவே வரும். 1972இல் அமைந்த கெஜோரா என்னும் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம் காட்டைத் திருத்தி எழுப்பிய ஊர்களில் இதுவும் ஒன்று. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1961இல், கூலாய் வட்டாரத்துத் தாயிப் அண்டாக்கில் ஃபெல்டா என்னும் நில மேம்பாட்டு வாரியம் செம்பனை நடத் தொடங்கியிருந்தது. தோட்டம் இருக்கும் இடத்துக்குக் கொஞ்ச தூரத்தில் ஆலையும் இருந்தாக வேண்டும். காரணம், செம்பனைப் பழம் காத்திருக்காது.

குலையை வெட்டியதும் பழத்துக்குள் இருக்கும் நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடுகிறது. நேரம் ஆக ஆக எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறும். அது 5 விழுக்காட்டைத் தாண்டினால் விலை இறங்கும். ஆகவே வெட்டிய 24 மணி நேரத்துக்குள் குலை நீராவிக் கலத்துக்குள் போய்விட வேண்டும் என்பது தோட்டத்துக்கும் ஆலைக்கும் பொதுவான கணக்கு. மணிக்கு 60 டன் அரைக்கும் ஆலை ஒன்று 6 மணி நேரம் நின்றால் 360 டன் குலை தேங்கும். லோரிக்குப் பத்து டன் என்று வைத்தால் 36 லோரிகள் வாசலில் வரிசை பிடிக்கும்.

சரி, ஆலை எதனால் நிற்கிறது? பெரும்பாலும் பெரிய இயந்திரத்தால் அல்ல, அதைத் தாங்கும் ஒரு பேரிங்கால். செம்பனை ஆலை ஒரு சங்கிலி. பழத்தைப் பிழிந்த பின் மிஞ்சும் நாரும் ஓடும்தான் பாய்லருக்கு எரிபொருள். பாய்லரின் நீராவி டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. டர்பைனைக் கடந்து வரும் நீராவிதான் குலையை வேகவைக்கிறது. பாய்லரின் புகையை இழுத்து வெளியேற்றும் ஐடி ஃபேன் நின்றால் நெருப்பை அடக்க வேண்டும். நெருப்பு அடங்கினால் நீராவி இல்லை, மின்சாரம் இல்லை, ஆலையும் இல்லை.

எந்த இயந்திரமும் ஒரு நாள் நின்றே தீரும். அந்த நாளைக் குறிப்பது இயந்திரமா, நாமா என்பதுதான் கேள்வி. அதிர்வைக் கண்காணிக்கும் வேலையெல்லாம் அந்த உரிமையை நம் கைக்குக் கொண்டுவரத்தான்.

மூன்று வழிகள்

முதல் வழி, உடையும்வரை ஓட்டுவது. இதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. மாற்று பம்ப் பக்கத்திலேயே தயாராக நிற்கும் இடத்தில் இது சிக்கனமான முடிவு. ஐடி ஃபேனுக்கு இதைச் செய்தால் கதை வேறு.

இரண்டாவது, நாள் பார்த்துப் பிரிப்பது: இத்தனை ஆயிரம் மணி நேரம் ஓடினால் பேரிங்கை மாற்று என்பது. பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நவ்லன், ஹீப் என்ற இருவர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக எழுதிய அறிக்கை இந்த நம்பிக்கையை அசைத்தது. விமானப் பாகங்களில் 11 விழுக்காடு மட்டுமே வயது ஏற ஏறப் பழுதாகும் தன்மையைக் காட்டின. மீதி 89 விழுக்காட்டுக்கு வயதுவரம்பு வைப்பதால் பயன் இல்லை. இன்னும் வியப்பான செய்தி: 68 விழுக்காட்டுப் பாகங்களில் பழுது அதிகம் தலைகாட்டியது மாட்டிய புதிதில்தான். விமானமும் செம்பனை ஆலையும் ஒன்றல்ல. ஆனாலும் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைப் பிரித்து மாட்டிய மறுநாளே அது மக்கர் பண்ணியதைப் பார்த்த எந்த ஃபிட்டரும் இந்தக் கணக்கை நம்புவார்.

மூன்றாவது வழி, இயந்திரத்தின் உடல்நிலையைப் பார்த்து முடிவெடுப்பது. அதற்கு நாடி பிடிக்கத் தெரிய வேண்டும். சுழலும் இயந்திரத்தின் நாடி அதிர்வு.

ஸ்க்ரூடிரைவரும் கருவியும்

நாடி பிடிப்பது புதிதல்ல. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் கூட்டின்மீது ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பார் பழைய ஃபோர்மன். முகம் சுளித்தால் மற்றவர்களுக்குப் புரிந்துவிடும். உலகமும் இப்படித்தான் தொடங்கியது. 1939இல் ராத்போன் என்ற அமெரிக்கப் பொறியாளர், மிக மென்மையான ஓட்டம் தொடங்கி மிகக் கரடுமுரடான ஓட்டம்வரை அதிர்வைத் தரம் பிரித்து ஒரு வரைபடம் வெளியிட்டார். இன்றைய உலகத் தரநிலைகளுக்கு அதுவே மூதாதை.

காதுக்கு இரண்டு குறைகள். நேற்றுக் கேட்ட சத்தத்தை இன்றைய சத்தத்தோடு அது எண்ணாக ஒப்பிடாது. ஃபோர்மன் ஓய்வுபெறும்போது அதுவும் வீட்டுக்குப் போய்விடும். பேரிங் கூட்டின்மீது காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சென்சர், கூட்டின் ஆட்டத்தை மின்சைகையாக்கி எண்ணாகத் தருகிறது. ஆட்டம் எவ்வளவு, வினாடிக்கு எத்தனை முறை, எந்தத் திசையில் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நோயின் பெயர் தெரியவரும்.

'எவ்வளவு' என்பதை வினாடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று வேகக் கணக்கில் சொல்வது வழக்கம். 'எத்தனை முறை' என்பது ஹெர்ட்ஸ். நிமிடத்துக்கு 1,475 சுற்று ஓடும் மோட்டாரை 60ஆல் வகுத்தால் 24.6 வரும். இந்த எண் அந்த இயந்திரத்தின் அடித்தாளம். மற்ற எல்லாவற்றையும் இதற்குப் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

நூறு கிராம் சாம்பல்

ஐடி ஃபேனையே எடுத்துக்கொள்வோம். பாய்லர் புகையோடு சாம்பலும் வருகிறது. ஃபேன் இலைகளின் பின்பக்கத்தில் அது மெல்ல அப்பிக்கொள்கிறது. எல்லா இலையிலும் சமமாக அப்பினால் பெரிய தொல்லை இல்லை. ஆலையை நிறுத்தி மறுபடி கிளப்பும்போது ஓர் இலையிலிருந்து மட்டும் ஒரு கட்டி உதிர்ந்தால்தான் சிக்கல். மற்ற பக்கம் கனத்துவிடும்.

எவ்வளவு கனம்? மையத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி 100 கிராம் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் கூடத்தான். 1,475 சுற்று வேகத்தில் அது வெளிப்புறமாக இழுக்கும் விசை ஏறக்குறைய 1,190 நியூட்டன். அதாவது 120 கிலோ எடையுள்ள ஒருவர் தண்டில் தொங்கிக்கொண்டு, வினாடிக்கு 24 தடவைக்கு மேல் அதோடு சுற்றிவருவது மாதிரி. அந்தச் சுமை முழுவதும் பேரிங்கின் தலையில்.

சுமைக்குப் பேரிங் கட்டும் வட்டி கொடியது. குண்டு பேரிங்கின் ஆயுள், சுமையின் மும்மடிக்குத் தலைகீழாகக் குறைகிறது. சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்று. பேரிங் மட்டமானது என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் இலையில் உள்ள சாம்பலைப் பார்ப்பது நல்லது.

இந்தச் சமநிலைக் கோளாறு தன்னைத் தெளிவாகவே காட்டிக்கொடுக்கும். சரியாக 24.6 ஹெர்ட்ஸில் ஒற்றை முள்ளாக நிற்கும். கிடைவாட்டில் எடுத்த அளவில் பெரும்பாலும் கூடுதலாகத் தெரியும், ஏனென்றால் அடித்தளம் மேல்கீழாகப் பிடிக்கும் அளவுக்குப் பக்கவாட்டில் பிடிப்பதில்லை.

எந்தத் தாளம், எந்த நோய்

அதிர்வை அதன் தாளங்களாகப் பிரித்துக் காட்டும் கணக்குமுறையை 1965இல் கூலி, டூக்கி என்ற இருவர் விரைவாக்கித் தந்தார்கள். அதனால்தான் உள்ளங்கை அளவுக் கருவி இன்று சில நொடிகளில் அந்தப் படத்தை வரைகிறது. அதைப் படிக்கும் விதம் சுருக்கமாக இது:

- அடித்தாளத்தில் மட்டும் உயரம்: சமநிலைக் கோளாறு.
- அதன் இரண்டு மடங்கில் உயரம், தண்டின் நீளவாக்கிலும் ஆட்டம்: மோட்டாரும் ஃபேனும் நேர்கோட்டில் இல்லை. கப்ளிங்கைப் பாருங்கள்.
- இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று மடங்குகள் வரிசையாக நிற்பது: எங்கோ தளர்வு. அடித்தள போல்ட்டா, பேரிங் கூடா என்று தேட வேண்டும்.
- அடித்தாளத்துக்கும் கீழே ஆட்டம்: பெல்ட் ஓட்டும் இயந்திரமானால் முதலில் பெல்ட்டைச் சந்தேகியுங்கள்.
- பற்களின் எண்ணிக்கையைச் சுற்றால் பெருக்கிய இடத்தில் உயரம்: கியர்.
- சரியாக 100 ஹெர்ட்ஸ்: மின்சாரம். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மோட்டாரின் காந்த இழுப்பு அதன் இரு மடங்கில் துடிக்கும்.

கடைசியதற்கு எளிய சோதனை உண்டு. அதிர்வைப் பார்த்துக்கொண்டே சுவிட்சை அணையுங்கள். அணைத்த கணமே ஆட்டம் மறைந்தால் குற்றவாளி மின்சாரம். வேகம் குறையக் குறைய மெல்ல அடங்கினால் குற்றம் இரும்பில்.

பேரிங் பேசும் மொழி

பேரிங் பழுதானால் வரும் தாளம், அடித்தாளத்தின் முழு மடங்காக இருக்காது. அதன் அடையாளமே அந்தப் பின்னம்தான். எட்டுக் குண்டுகள் உள்ள பேரிங்கில் தண்டு ஒரு சுற்று சுற்றும்போது குண்டுகளின் வரிசை ஏறக்குறைய 0.4 சுற்றே நகரும். நிலையாக இருக்கும் வெளிவளையத்தில் ஒரு பொத்தல் விழுந்தால், ஒரு சுற்றுக்கு 3.2 குண்டுகள் அதில் தட்டிச் செல்லும். வினாடிக்கு 79 தட்டு. பொத்தல் உள்வளையத்தில் என்றால் ஒரு சுற்றுக்கு 4.8, வினாடிக்கு 118. பேரிங்கைப் பிரிக்காமலே எந்த வளையம் போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இந்தத் தட்டு ஆரம்பத்தில் மிக மெலிது. முதலில் காதுக்கு எட்டாத உச்ச அலைகளில்தான் தெரியும். பிறகு பேரிங்கின் சொந்த அதிர்வெண்களில் ஒலிக்கும், அதற்குப் பிறகே 79, 118 என்ற முட்கள் எழும். கையால் தொட்டுச் சூடு தெரியும் கட்டத்தில் அவகாசம் அநேகமாகத் தீர்ந்திருக்கும். முதல் அறிகுறிக்கும் முறிவுக்கும் இடையே உள்ள நாட்கள்தான் கண்காணிப்பு நமக்குத் தரும் சொத்து.

இங்கே இரண்டு பொய் நிம்மதிகள் உண்டு. ஒன்று கிரீஸ்.

"அண்ணே, சத்தம் நின்னுடுச்சு. ரெண்டு பம்ப் கிரீஸ் அடிச்சேன், அவ்ளோதான்."

"நின்னுச்சா, மூடிக்கிச்சா? சாயந்திரம் வந்து இன்னொரு தடவை எடுத்துப் பாரு தம்பி."

அண்ணன் சொல்வது சரி. கிரீஸ் குறைவால் வந்த சத்தம் போனால் போனதுதான். பொத்தலால் வந்த சத்தம் சில மணி நேரத்தில் திரும்பி வரும். இன்னொன்று இதைவிட ஆபத்து. பேரிங் முற்றாகச் சிதையும் கடைசிக் கட்டத்தில் பொத்தலின் ஓரங்கள் உருண்டு தேய்ந்து, தெளிவாக நின்ற முட்கள் சில நேரம் குறைந்துவிடும். அவற்றுக்குப் பதில் படம் முழுக்கப் புகைபோல் இரைச்சல் பரவும். முள் குறைந்ததை மட்டும் பார்த்துச் சரியாகிவிட்டது என்று எழுதி வைப்பவர் மறுநாள் லோரி வரிசையைப் பார்ப்பார்.

எண்ணைவிட ஏற்றம் முக்கியம்

எவ்வளவு அதிர்வு ஆபத்து? ஐஎஸ்ஓ 10816 என்ற தரநிலையும் அதன் வாரிசான 20816ம் இதற்கு நான்கு மண்டலங்கள் வகுத்திருக்கின்றன. 15 முதல் 300 கிலோவாட் வரையிலான இயந்திரம், உறுதியான அடித்தளம் என்றால் வினாடிக்கு 1.4 மில்லிமீட்டர் வரை புது இயந்திரத்தின் நிலை. 2.8 வரை தடையின்றி ஓட்டலாம். 4.5 வரை சமாளிக்கலாம், ஆனால் பழுதுபார்க்கும் நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் சேதம்.

இந்த எல்லைகளை மட்டும் பிடித்துத் தொங்குவதுதான் பலர் செய்யும் பிழை. ஒரு ஃபேனின் மாத அளவுகள் 1.6, 1.7, 1.6, 2.4 என்று வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். 2.4 இன்னும் 2.8க்குக் கீழேதான், கருவி பச்சை விளக்கே காட்டும். ஆனால் மூன்று மாதம் அசையாமல் இருந்தது ஒரே மாதத்தில் 0.8 ஏறியிருக்கிறது. 2.8இல் கால் பங்கு, அதாவது 0.7, கூடினாலே காரணம் தேட வேண்டும் என்று அதே தரநிலை சொல்கிறது. எப்போதும் 98 டிகிரி காட்டும் பிள்ளைக்கு இன்று 100 என்றால், நூற்று மூன்று ஆகட்டும் பார்க்கலாம் என்று எந்தத் தாயும் இருப்பதில்லை.

அளவுகளை ஒப்பிட வேண்டுமானால் எடுக்கும் முறை மாறக் கூடாது. அதே இடம், அதே திசை, அதே சுமை. பேரிங் கூட்டில் ஓரிடத்தில் பூச்சைச் சுரண்டி உலோகம் தெரியும்படி சமப்படுத்தி, அதன் ஓரத்தில் ஒரு பெயின்ட் புள்ளி வைத்து, சென்சரை அங்கேதான் வைக்க வேண்டும். தகட்டு மூடியின்மேல் வைத்தால் மூடியின் ஆட்டம்தான் கிடைக்கும். கிடை, செங்குத்து, நீளவாக்கு என்று மூன்று திசையிலும் எடுங்கள். சுழலும் தண்டுக்கும் கப்ளிங்குக்கும் மேலுள்ள காவலைக் கழற்றி அளவு எடுக்கும் பழக்கம் மட்டும் கூடவே கூடாது. கேபிள் சுற்றிக்கொண்டால் கையும் போகும்.

முக்கியமான ஃபேனுக்கும் பம்ப்புக்கும் மாதம் ஒரு முறை போதும். ஏற்றம் கண்டால் வாரம் ஒரு முறை. அதற்கும் மேலே போனால் தினமும்.

எங்கே இது உதவாது

பழத்தைப் பிழியும் திருகு பிரஸ் நிமிடத்துக்குப் பத்து சுற்று அளவில்தான் நகரும். மேலே சொன்ன தரநிலை 120 சுற்றுக்குக் கீழுள்ளவற்றைத் தன் வரம்பில் சேர்ப்பதே இல்லை. அவ்வளவு மெதுவான தண்டின் பேரிங் உடையும் நிலையிலும் வேக அளவில் ஒன்றும் தெரியாது. அங்கே கியர்பாக்ஸ் எண்ணெயில் உலோகத் துகள் இருக்கிறதா, மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, எண்ணெய் எப்படிக் கசிகிறது என்பவைதான் சாட்சி. நீராவிக் கலத்தின் சுவர் தேய்வதையும் அதிர்வு சொல்லாது. அதற்கு வேறு சோதனைகள் உண்டு.

டர்பைனோ மறு கோடி. அதிவேகத்தில் எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கும் தண்டு அது. வெளிக்கூட்டில் சென்சர் ஒட்டினால் முழு உண்மை தெரியாது. தண்டுக்கும் பேரிங்குக்கும் உள்ள இடைவெளியையே நேரடியாக அளக்கும் முனைகள் வேண்டும். அளவு மீறினால் தானே நிறுத்தும் ஏற்பாடும் வேண்டும். மாதம் ஒரு முறை நடந்து வந்து பார்க்கும் இயந்திரம் இல்லை அது.

இப்போது வயரில்லாத சென்சர்கள் விலை குறைந்து வந்திருக்கின்றன. கைபேசிக்கே எச்சரிக்கை வரும். நல்லதுதான். ஆனால் மணிக்கு ஒரு முறை மட்டும் கண் விழித்துப் பார்க்கும் சென்சர், இடையில் நடந்ததைப் பார்க்காது. அதைவிடப் பெரிய நோய், எச்சரிக்கை மிகுதி. நாளுக்கு முப்பது முறை சிணுங்கும் கைபேசியை முப்பத்தோராம் முறை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. எந்த எச்சரிக்கைக்கு யார், எத்தனை மணி நேரத்துக்குள், என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்காத ஆலையில் சென்சர் வெறும் அலங்காரம். அளவைப் படிக்கப் பயிற்சியும் வேண்டும். ஐஎஸ்ஓ 18436 தரநிலை இந்தத் திறமையை நான்கு படிகளாக வைத்துத் தேர்வு நடத்த வழி சொல்கிறது. முதல் படியை நல்ல ஃபிட்டர் ஒருவர் எட்டிப் பிடிக்க முடியும்.

நாள் குறித்தல்

1.6இல் இருந்து 2.4 ஆன அந்த ஃபேனுக்கு வருவோம். முதலில் மறுபடி அளந்து பார்ப்பது. பிறகு படத்தைப் பார்ப்பது: 24.6இல் ஒற்றை முள் மட்டும். 79இல் ஏதும் இல்லை, 118இல் ஏதும் இல்லை. ஆக, பேரிங் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்குச் சுமைதான் கூடியிருக்கிறது. மாதம் செப்டம்பர் என்றால் குலை குவியும் பருவம். இன்றே நிறுத்த அவசியமில்லை, பருவம் முடியும்வரை விட்டுவைக்கவும் முடியாது. வாரம் ஒரு முறை அளந்துகொண்டே, பழ வரத்து குறையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள்.

அந்த ஞாயிறு சுவிட்சைப் பூட்டி, சாவியை உள்ளே போகிறவர் பையிலேயே போட்டுக்கொண்டு, கதவைத் திறந்தால் எதிர்பார்த்ததுதான்: ஓர் இலை வெளுத்துக் கிடக்கிறது, மற்றவற்றில் சாம்பல். மாற்ற வேண்டியது பேரிங் அல்ல. வேண்டியது ஒரு சுரண்டியும் கொஞ்ச நேரமும். கண்ணால் கண்டதை அளவுக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும், அடுத்த முறை படத்தைப் படிப்பவருக்கு அதுதான் பாடம். வேலை முடிந்து ஃபேனைக் கிளப்பி, அதே பெயின்ட் புள்ளியில் அளவு எடுத்து நோட்டில் எழுதினால்தான் பழுதுபார்ப்பு முடிந்ததாகக் கணக்கு.

1.6.

திங்கள் காலை லோரிகள் வழக்கம்போல் உள்ளே போகும்.